கை கழுவும் குழாயிலும் சாதி

டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் அதைத் தீண்டாமை என்கிறோம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனி கை கழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். இதை மட்டும் 'உணவு விருப்பம்' என்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

சைவம் சாப்பிடுவது அவரவர் விருப்பம். அதில் யாருக்கும் சண்டையில்லை. அந்த விருப்பம் தட்டோடு முடிகிறது. சாப்பிட்டு எழுந்த பிறகு யார் எந்தக் குழாயில் கை கழுவுவது என்று பிரித்தால், பிரச்சினை சாப்பாடு அல்ல, பக்கத்தில் நிற்கிற ஆள்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பாடம் கல்லூரிக்கு வெளியிலும் நடக்கிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ வாடகைக்கு அறை தேடிப் பாருங்கள். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே 'நீங்க வெஜிடேரியனா?' என்று கேள்வி வரும். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்கிறார்கள்.

தீண்டாமை எந்த வடிவில் வந்தாலும் தடை என்கிறது அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு. இதுவும் ஒரு வடிவம்தான் என்று உரக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

அதே ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம், ஒரு மொட்டைக் கடிதத்தில் தொடங்கி, அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். மாணவர்கள் போராடினார்கள். ஜூனில் அங்கீகாரம் திரும்பி வந்தது. 2018இலும் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சுவரொட்டி கிழிந்தது.

தோழர்களே, ஒதுங்கிப் போய் வேறு குழாயில் கை கழுவாதீர்கள். படம் எடுங்கள், எழுதிக் கொடுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

ஜெய் பீம்!