மௌனம் மருந்தாகாது

நாகரிகம் கருதிப் பேசாது விடும் விஷயங்கள் சில உண்டு. ஆனால், பேசாமையால் நோய் முற்றுமாயின் அம்மௌனத்தை நாகரிகம் என்று அழைக்கலாமா என நாம் கேட்கிறோம்.

பெண்ணைப் பெண் விரும்புதல் எந்நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. அதுபற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், அவ்விளம் பெண்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஆணுறவு இல்லையாயின் பால்வினை நோய்க்கு இடமில்லை என்று அவர்களுட் பலர் நம்புகின்றனர். வைத்தியர் சிலரும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். இது பெருந்தவறு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை விளைவிக்கும் பப்பிலோமா வைரசு தோலோடு தோல் உரசுவதாலேயே தொற்றும், ஹேர்ப்பிஸும் அத்தகையதே. அன்றியும், இருபாலாரையும் விரும்புவோரும், ஊர்வாய்க்கு அஞ்சி ஆணை மணந்தோரும் ஏனைய பெண்களுக்குள்ள அபாயங்கள் அனைத்துக்கும் உள்ளாகின்றனர்.

இலங்கையில் 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பெற்றன. 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்குப் பப்பிலோமாத் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. இவை போற்றத்தக்கன. ஆயினும், அன்று அவ்வயதைக் கடந்திருந்த இளம் பெண்களுக்கு அவ்வூசி கிட்டவில்லை. அவர்களே இப்பொழுது கிளினிக்கை நாட வேண்டியவர்கள். நாடினால், “கலியாணம் முடித்தாயிற்றா?” என்பதே முதற் கேள்வியாயின் அவர்கள் உண்மையை எங்ஙனம் உரைப்பர்?

சட்டமும் அவர்களின் வாயை அடைத்தது. தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு முன்னர் ஆண்களையே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. சமத்துவத்தின் பெயரால் குற்றத்தையே பங்கிட்டளித்த விந்தை இது! பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 2022இல் இதனைக் கண்டித்தது. இதனை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும், 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அம்மசோதா சட்டமாகவில்லை. குற்றவாளி என்ற அச்சத்தோடு எப்பெண் வைத்தியரிடம் மனந்திறப்பாள்?

பயிரில் நோய் கண்டால் கமக்காரர் பயிரைத் திட்டுவதில்லை, வேரைப் பார்க்கிறார். நாமும் வேரைப் பார்ப்போம். வைத்தியர்கள் தீர்ப்புக் கூறாது கேட்கட்டும்; கேட்டதை இரகசியமாய்க் காக்கட்டும். ஆசிரியர்கள் உண்மையைக் கற்பிக்கட்டும். சட்டத்தரணிகள் இச்சட்டத்தை நீக்கக் குரல் கொடுக்கட்டும். பெற்றோர், மகள் தனித்துச் செல்ல அஞ்சுமிடத்து, அவளோடு கிளினிக் வரை நடக்கட்டும்.

முன்கூட்டிக் கண்டால் தடுக்கக்கூடிய நோய்க்கு வெட்கத்தின் பொருட்டு ஒரு மகளைப் பலிகொடுப்பது மானமன்று, அதுவே மானக்கேடு.