பொட்டி பெருசு, படம் எங்கே?

மக்களே, "படம் வரைய ஆசையா இருக்கு, எந்தப் பெட்டி வாங்கலாம்?"னு யார் கேட்டாலும் மூணடுக்கு மரப்பெட்டியைக் கை காட்டுற பழக்கத்தை முதல்ல நிறுத்துங்க சாமிகளா!

அது மேசைக்கு அழகு. தோள்ல மாட்டிக்கிட்டு மயிலாப்பூர் குளக்கரைக்குப் போக முடியுமா? கனத்துக்குப் பயந்தே நாலாம் நாள் பரண் ஏறிடும். கூடவே வரையுற ஆசையும் ஏறிடும். என் கோபமே அதுக்குத்தான்.

வெளியே வரைய என்ன வேணும்? நாலு பென்சில், ஒரு ரப்பர், ஷார்ப்னர், ரெண்டு பிரஷ். புதுப் பென்சில் சுமார் 17.5 செ.மீ. நீளம். உள்ளே 19 செ.மீ. இருக்கிற தகர டப்பா தாராளம். பென்சில்கள் உருண்டு மோதினா உள்ளுக்குள்ளேயே கரி உடையும்; அதுக்குத் தனித்தனி மடிப்பு வெச்சுத் தைச்ச துணிச்சுருள் இன்னும் உத்தமம். பளபள பிளாஸ்டிக் டப்பாவுல வினைல் ரப்பரை ரொம்ப நாள் போட்டு வெச்சா இளகி ஒட்டிக்கும். ஈர பிரஷ்ஷைக் காத்துப் புகாத டப்பாவுல மூடினா பூஞ்சைதான்.

"மரப்பெட்டி பல வருஷம் உழைக்குமே?"ன்னு சண்டைக்கு வருவீங்க. பரண்ல கிடந்தா எதுதான்யா உழைக்காது?

மத்ததைப் பின்னூட்டப் பெட்டியில பேசிக்கலாம். அது கனமே இல்லை.