வெண்ணெய்த் திருடிகள்

1937-39இல் அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த நோட்டுகளில் வெண்ணெய் திருடுபோகும் பயம் அடிக்கடி தலைகாட்டுகிறது. மே முதல் நாள் விடியலில் அடுத்த வீட்டுக்காரி உங்கள் புல்லில் துணியை இழுத்துப் பனியைச் சேர்த்தால், உங்கள் வெண்ணெய் அவள் வீட்டுக்குப் போய்விடுமாம். கடையும் நேரத்தில் அடுப்பிலிருந்து ஒரு கங்குகூட வெளியே போகக் கூடாது. வாசலேறி வந்தவர் யாராயினும் கடைகோலைப் பிடித்து நாலு இடி இடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். இந்த விதியைச் செய்தவள் தோள்வலி கண்ட குடும்பத்தலைவியாகத்தான் இருப்பாள்! உண்மையில், பாலேடு அதிகம் குளிர்ந்தாலே வெண்ணெய் திரளாது. ஆனால், குத்தகைப் பணமே வெண்ணெயை நம்பியிருக்கும் வீட்டில் குளிரோடு போய்ச் சண்டை போட முடியுமா? பழி, தனியாக வாழும் கிழவிமேல் விழுந்தது. அவள் முயலாக மாறி மாட்டு மடியில் பால் குடித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்லவும் ஆள் இருந்தது.