கணக்கு யாருக்கும் தானாக வருவதில்லை

"இவனுக்குக் கணக்கு வராதுங்க. காமர்ஸ் குரூப்புலயே போட்டுருங்க."

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக ஒரு பள்ளி அலுவலக வாசலில் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற தாய் இப்படிச் சொன்னார். பையன் மறுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தன் ரத்த வகையை யாரோ சொல்லக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றான். பதினைந்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய இப்படியொரு தீர்ப்பை இவ்வளவு அமைதியாக ஏற்க வேண்டுமென்றால், அதைப் பல ஆண்டுகளாக, பலர் வாயால் கேட்டிருக்க வேண்டும்.

வணிகவியல் தாழ்ந்த படிப்பில்லை. விரும்புகிறவர்கள் தாராளமாக எடுக்கட்டும். என் சண்டை 'வராது' என்ற அந்த ஒற்றைச் சொல்லோடுதான். கணக்கு சிலருக்குப் பிறவியிலேயே அமைவது, மற்றவர்கள் எத்தனை முட்டினாலும் மண்டையில் ஏறாது என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வேரோடிக் கிடக்கிறது. அது பொய். பொய் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, நம்பியவனிடம் அது உண்மையாகியும் விடுகிறது.

நீச்சல் வரும், சமையல் வரும், சைக்கிள் வரும் என்றெல்லாம் தமிழில் சொல்கிறோம். அந்த 'வரும்' என்பதற்குள் எத்தனை முறை தண்ணீர் குடித்தோம், எத்தனை நாள் குழம்பில் உப்பு கூடிப்போனது என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட மகளிடம் "உனக்குச் சைக்கிள் வராது" என்று எந்த அப்பாவும் சொல்வதில்லை. சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தபடி இன்னொரு சுற்று ஓடுகிறார். அதே மகள் பின்னக் கணக்கில் விழுந்தால் மட்டும் கையை எடுத்துவிடுகிறார்.

பின்னம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கணக்கு படிக்கட்டு மாதிரியான பாடம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது ஒரு பிள்ளை அம்மை போட்டு இரண்டு வாரம் வீட்டில் இருந்திருக்கும். திரும்பி வந்தபோது வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். ஆறாம் வகுப்பில் விகிதம் வரும், அதற்குப் பின்னம் வேண்டும். அடுத்தடுத்த வகுப்புகளில் இயற்கணிதம் வளரும், அதற்கு இரண்டும் வேண்டும். காணாமல் போனது ஒரே ஒரு படி. அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லாததால், பிள்ளைக்குக் காலே இல்லை என்று எழுதிவிடுகிறோம். அதற்குப் பிறகு நடப்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்கிறது. தனக்கு வராது என்று நம்புகிறவன் கடினமான கணக்கைத் தொடுவதில்லை, சந்தேகம் கேட்பதில்லை, வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுகிறான். பழக்கம் குறையக் குறைய மதிப்பெண்ணும் குறைகிறது. "அப்பவே சொன்னேன் பாத்தீங்களா" என்று பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள்.

வீடு கட்டும் கொத்தனார்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். "எனக்குக் கணக்கு ஏறலங்க, அதான் படிப்ப விட்டேன்" என்பார்கள். அப்படிச் சொன்ன கையோடு நூலை எடுத்து, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் பிடிப்பார்கள். பிதாகரஸ் தேற்றத்தைத் தினமும் தரையில் வரைகிறவர் தனக்குக் கணக்கு வராது என்று சத்தியம் செய்கிறார். பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. கடையில் விலை கேட்டுச் சில்லறை வாங்கும்போது அவர்கள் 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஐந்தே சிறுவர்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டு இடத்திலும் இருந்தது அதே மூளைதானே? மாறியது கணக்கை நீட்டிய விதம்.

பிறவி அறிவுக்குச் சான்றாக அறிவை அளக்கும் சோதனையைக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அதை 1905இல் முதலில் உருவாக்கிய பிரான்ஸ் நாட்டு ஆல்ஃபிரெட் பினே, பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவதற்காகவே அதைச் செய்தார். அறிவு பிறவியில் கிடைத்த மாறாத அளவு என்று தீர்ப்புச் சொன்னவர்களை அவர் 1909இல் எழுதிய நூலிலேயே கண்டித்தார். அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போய், மனிதர்களைத் தரம் பிரிக்கும் முத்திரையாக மாறியது. கைதூக்கிவிடச் செய்த கருவியையே ஒதுக்கித் தள்ளப் பயன்படுத்தினார்கள்.

இந்த நம்பிக்கை பெண் பிள்ளைகளை இன்னும் சீக்கிரமாகப் பிடிக்கிறது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமிகள் சிறுவர்களைப் போலவே தங்கள் பாலினத்தாரை 'மிக மிகப் புத்திசாலி' என்று நினைத்தார்கள். ஆறு வயதில் அந்த எண்ணம் சரியத் தொடங்கியது. புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னபோது விலகிய அந்தச் சிறுமிகள், விடாமல் முயல்கிறவர்களுக்கான விளையாட்டு என்று சொன்னபோது விலகவில்லை. நம் ஊரில் "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்ற பேச்சு விழாத காது உண்டா?

"அப்படியானால் ராமானுஜன்?" என்பார்கள். ராமானுஜனைக் காட்டித்தான் நம் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியிருக்கிறோம். அவரிடம் அபூர்வமான ஆற்றல் இருந்தது, அதை யார் மறுப்பார்? ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் கைக்குக் கிடைத்த ஜி. எஸ். கார் எழுதிய நூலிலிருந்த ஏறக்குறைய 5,000 முடிவுகளோடு அவர் மல்லுக்கட்டியதை யாரும் சொல்வதில்லை. காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் போட்டதையும், மற்றப் பாடங்களைக் கைவிட்டுக் கல்லூரித் தேர்வுகளில் தோற்கும் அளவுக்கு இரவும் பகலும் கணக்கிலேயே கிடந்ததையும் மறைத்துவிட்டு, நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையை மட்டும் சொல்கிறோம். உழைப்பை எடுத்துவிட்டு வரத்தை மட்டும் காட்டினால், வரம் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்?

இந்த நம்பிக்கைக்கு நம் மண்ணில் இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. 'குலவித்தை கல்லாமல் பாகம்படும்' என்ற பழமொழி நம்முடையதுதான். யாருக்கு எது வரும் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்பதே அதன் பொருள். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். பிறகு பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது. எந்தச் சாதிக்குப் படிப்பு வராது என்று சொன்னார்களோ, அந்தச் சாதியின் பிள்ளைகள் இன்று மருத்துவர்களாக, பொறியாளர்களாக, ஆட்சியர்களாக இருக்கிறார்கள். ஒரு சமூகத்தைப் பார்த்து 'வராது' என்றபோது வெகுண்டு எழுந்த நாம், ஒற்றைப் பிள்ளையைப் பார்த்து அதையே சொல்லும்போது ஏன் தலையாட்டுகிறோம்?

எதிர்ப்பக்கத்து வியாபாரிகளையும் நான் நம்பவில்லை. "உன்னால் முடியும் என்று நம்பு, போதும்" என்று மேடை போட்டுக் கைதட்டச் சொல்கிறவர்கள் பிள்ளைகளை வேறு விதமாக ஏமாற்றுகிறார்கள். திறமை வளரும் என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் எழுதியவர் உளவியலாளர் கரோல் டுவெக். அந்த எண்ணத்தை விதைக்கும் குறுகிய பயிற்சியை அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி, பின்தங்கியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே. சவாலை ஏற்பதை மதிக்கும் சகமாணவர்கள் இருந்த பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம்பிக்கை கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே கற்றுத்தர ஆளும், தப்புப் போட இடமும், திரும்பப் போட நேரமும் வேண்டும். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வரும் என்றும் நான் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஒரு மாதம், இன்னொருவனுக்கு ஆறு மாதம் ஆகலாம். ஆறு மாதம் ஆகும் என்பதை 'வராது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் அநியாயம்.

'வராது' என்று சொல்லும்போது பெரியவர்களான நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தியதும், பாடத்தை முடிக்கும் அவசரத்தில் புரிந்ததா என்று கேட்காமல் விட்டதும், வீட்டில் யாரும் நோட்டைத் திறந்து பார்க்காததும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. பழி முழுவதும் பிள்ளையின் மண்டைமேல் விழுகிறது.

அந்தப் பள்ளி வாசலில் நின்ற பையனிடம் யாராவது ஒருவர், "எந்தக் கணக்கோடு நின்னுபோச்சுப்பா?" என்று கேட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, ஒன்பது, எட்டு, ஏழு என்று அவனோடு பின்னோக்கிப் போய், அவனுக்குத் தெரிந்த கடைசிக் கணக்கு எது என்று தேடியிருக்க வேண்டும். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இன்று இரவே கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பின்னம் வரை போக வேண்டியிருந்தால், அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.