கோயிற்காடும் குடியானவர் கடமையும்

நீர், எரு, விதை, உழைப்பு ஆகிய நான்கும் விவசாயத்திற்கு மூலதனம் என்று கூறும் நாம், அவற்றுள் முதல் மூன்றும் காட்டோடு தொடர்புடையன என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். காடு என்றவுடன் மேற்கு மலைத்தொடரும் அங்குள்ள யானையும் புலியும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, நம் ஊரெல்லையில் ஐயனார் சந்நிதியைச் சூழ்ந்து நிற்கும் மரக்கூட்டம் நினைவுக்கு வருவதில்லை. மலைக்காட்டைக் காக்க வன இலாகா இருக்கின்றது. கோயிற்காட்டை நாடோறும் கண்காணிக்க ஊராரைத் தவிர வேறெவரும் இலர். அதனைப்பற்றியே நிலமுடைய குடியானவர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

மலைக்காட்டுக்கும் வயலுக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்ததே. பொதிகை மலைச் சோலைகள் மழைநீரை உள்வாங்கி மெல்லக் கசியவிடுவதனாலன்றோ, தாமிரபரணி வற்றாது ஓடி, எட்டு அணைக்கட்டுகளின் வழியே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் நஞ்சைகளுக்குப் பாய்கின்றது! ஆயினும், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின்படி மலைக்காடுகள் ரிசர்வ் காடுகளாக வகுக்கப்பட்டபின், அங்கே தழையும் விறகும் எடுத்துவந்த சமவெளிக் குடியானவனுக்கு அக்காடு எட்டாததாயிற்று. அவன் கண்ணெதிரே எஞ்சியது கோயிற்காடு ஒன்றே.

அது எஞ்சியதற்குக் காரணம் சட்டமன்று, தெய்வபயம். விழுந்த சுள்ளியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்னும் கட்டுப்பாட்டினால், வீரை, காசான், உலக்கைப்பாலை, உசிலை முதலிய மரங்கள் பல தலைமுறைகளாகக் கோடரி படாமல் வளர்ந்துள்ளன. சோழமண்டலக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் இத்தகைய கோயிற்காடுகளிலேயே காணப்படுகின்றது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியிலுள்ள வீரகோயில் காட்டைத் தமிழக அரசு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவே. சிறிய காடாயினும் மதிப்பில் சிறியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இக்காட்டினால் வயலுக்கு விளையும் நன்மை யாது? எள், சூரியகாந்தி, பூசணி முதலியன காய்பிடிக்க உதவும் தேனீக்கள் இங்குக் கூடு கட்டுகின்றன. எலியைத் தின்னும் ஆந்தையும் புழுவைப் பொறுக்கும் கரிச்சானும் இங்கே தங்குகின்றன. சருகு மூடிய தரையில் மழைநீர் ஓடி வீணாகாமல் பூமிக்குள் இறங்குகின்றது. இவை யாவற்றினும் மேலாக, வறட்சிக்கு ஈடுகொடுத்து நம் மண்ணிலேயே நெடுங்காலம் நின்ற தாய்மரங்களின் விதை இங்கே கிடைக்கின்றது.

முற்காலத்தில் இக்காட்டைக் காத்த பயம் இப்போது தளர்ந்து வருகின்றது. பக்தி குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பக்தி வேறு உருக்கொண்டது. திருப்பணி என்ற பெயரால் மரங்களை வெட்டி, சிமெண்டுத் தளமும் தகரக் கொட்டகையும் போடுகின்றனர். பாதை அகலமாக்க ஒரு வரிசை மரம் போகின்றது. வாகனம் நிறுத்த மற்றொரு வரிசை போகின்றது. வெட்டவெளியான இடத்தில், 1870-களில் விறகுக்கென இம்மாகாணத்தில் புகுத்தப்பட்ட சீமைக்கருவேல் நுழைந்து, எஞ்சிய நாட்டுமரக் கன்றுகளையும் எழவிடாமல் செய்கின்றது. நூறாண்டு நின்ற வீரை மரத்தை அரை நாளில் சாய்த்துவிடலாம். அதற்கு ஈடான மரத்தை நம் பேரனும் காணமாட்டான்.

காட்டை ஒட்டி நிலமுடையவர்கள் சில ஆட்சேபங்கள் கூறுவர். அவை புறக்கணிக்கத் தக்கன அல்ல. மரநிழலும் வேரும் ஓரப்பயிரின் மகசூலைக் குறைக்கும் என்பது உண்மையே. காட்டெல்லைக்கு வெளியே 3 அடி ஆழத்தில் அகழி வெட்டிவந்தால் வேரின் தொல்லை பெரிதும் அடங்கும். அகழியில் மழைநீரும் தேங்கும். காட்டுப்பன்றி தங்குகின்றது என்பர். அது விரும்பித் தங்குமிடம் சீமைக்கருவேல் புதரேயாகும். அதனை இயந்திரம் கொண்டு காட்டைக் கலைக்காமல், ஆட்களைக்கொண்டு வேரோடு பறித்து, இடைவெளியில் ஐப்பசி மழையோடு நாட்டுமரக் கன்றுகளை நடுக. பன்றித் தொல்லை முற்றும் நீங்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். குறையும் என்பது திண்ணம்.

இனி எருவைப்பற்றி ஒரு வார்த்தை. இந்திய விவசாயத்தை ஆராய்ந்த டாக்டர் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், விறகின்மையால் சாணம் எரிக்கப்படுவதை எடுத்துக்காட்டி, விறகுக்கும் தீவனத்திற்கும் ஊர்தோறும் காடு வளர்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று எரிவாயு அடுப்பு வந்தமையால் வரட்டி தட்டுவது குறைந்தது. ஆனால் பல ஊர்களில் உழவுமாடும் குறைந்தது. ஆகவே எருப்பஞ்சம் தீரவில்லை. நெல்வயலுக்கு ஏக்கருக்கு 2½ டன் பசுந்தழை வேண்டும். அத்தழைக்காகக் கோயிற்காட்டில் கைவைத்தல் தகாது. அங்கிருந்து விதையை மட்டும் கொணர்ந்து, தழையை வரப்பில் வளர்ப்பதே முறை. வேரூன்றிய கிளைரிசிடியா மரம் ஒரு வெட்டுக்கு 12 முதல் 15 கிலோ தழை தரும். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றுவரப்பு ஏறக்குறைய 250 மீட்டர். அதில் 4 அடிக்கு ஒன்றாக 200 மரங்கள் நின்றால், ஒரே வெட்டில் வேண்டிய தழை கிடைத்துவிடும். களத்துமேட்டிலும் வாய்க்கால் கரையிலும் புங்கமும் வேம்பும் வைக்கலாம். வேப்பம் பழத்தை ஆனி, ஆடி மாதங்களில் பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்திற்குள் ஊன்றிவிட வேண்டும். நாட்பட்ட விதை முளைக்காது.

கிராம அலுவலர்களின் பங்கு இதனினும் பெரிது. 1980-இல் கர்ணம், மணியம் பதவிகள் நீக்கப்பட்டபோது ஊர்க்கணக்கும் அதன் பொறுப்பும் கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தன. அவர்கள் தம் ‘அ’ பதிவேட்டைப் பிரித்து, கோயிற்காடு எந்தப் புல எண்ணில், எந்த வகைப்பாட்டில் உள்ளது என்று பார்க்கவேண்டும். வெறும் தரிசு என்று எழுதப்பட்டிருப்பின், அது பிற்காலத்தில் வேறு காரியத்திற்குப் போக வழி திறந்திருக்கின்றது என்பது பொருள். எல்லையை அளந்து கல் நடச்செய்து, கிராம சபையில் தீர்மானம் இயற்றுக. 2002-ஆம் ஆண்டின் உயிரிப்பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். அக்குழுவின் பதிவேட்டில் காட்டின் மரங்களைப் பெயர் சொல்லி எழுதுவித்தால், நாளை எவரும் அங்கே ஒன்றுமில்லை என்று கூற இயலாது.

நம் முன்னோர் மரத்தைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டனர். தெய்வமும் இதுகாறும் காத்தது. இனி அப்பொறுப்பில் பாதியை நாம் ஏற்கவேண்டும். வருகின்ற கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பே நிலமுடையோரும் அலுவலரும் ஒருநாள் சேர்ந்து சென்று, தத்தம் ஊர்க்காட்டின் எல்லையைச் சுற்றி நடந்து பார்ப்பார்களாக. எந்தக் கல் பெயர்ந்தது, எந்த மூலை சுருங்கியது என்பதை நேரில் கண்டபின், செய்யவேண்டுவதை எவரும் அவர்களுக்குச் சொல்லத் தேவையிராது.