கறுப்புத் திரைக்கு அஞ்சலாமா?

மோட்டார் சைக்கிளுக்குக் காலம் தவறாமல் ஆயில் மாற்றுகிறோம். தண்ணீர்த் தொட்டியை ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுகிறோம். ஆனால், வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியபடி இரவும் பகலும் கண்சிமிட்டிக் கொண்டிருக்கும் அந்த ரவுட்டர் பெட்டியை, வாங்கிய நாள் முதல் நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? மேலே படிந்த தூசியைத் துடைப்பதோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். அப்பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கணிப்பொறிதான். அதை இயக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். மனிதர் எழுதிய நிரல் எதிலும் பிழை இருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அப்பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியவரும். தயாரித்தவர்கள் திருத்திய நிரலை வெளியிட்டாலும், அது தானே நடந்து வந்து நம் வீட்டுப் பெட்டிக்குள் ஏறிக்கொள்வதில்லை.

பெட்டிக்கு உரியவரே, தம் கையால், கட்டளை வரியில், முறை தவறாமல் அந்நிரலைப் புதுப்பிக்கக் கற்க வேண்டும் என்பது என் கருத்து. இதைக் கணிப்பொறியியல் மாணவர்க்கு மட்டும் சொல்லவில்லை. தமிழ் பயில்வோரையும் வரலாறு பயில்வோரையும் சேர்த்தே சொல்கிறேன்.

'இதில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப் போகிறது?' என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். உதவித்தொகை விண்ணப்பம் போகும் வழி அது. வெளிநாட்டில் உழைக்கும் அண்ணன் அனுப்பிய பணத்தை அம்மா கைப்பேசியில் சரிபார்க்கும் வழியும் அதுவே. அதைக் கைப்பற்றிய ஒருவன், வங்கியின் முகவரியை நாம் சரியாகத் தட்டினாலும், நம்மை வேறொரு பக்கத்திற்குத் திருப்பிவிட முயலலாம். நம் நாட்டிலேயே நடந்ததைக் கூறுகிறேன். 2017 ஜூலை இறுதியில், கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் பி.எஸ்.என்.எல். அகன்ற அலைவரிசை இணைப்பு பெற்றிருந்த பல வீடுகளில் மோடம்கள் திடீரென்று செயலற்றுப் போயின. பாதிக்கப்பட்டவை 60,000க்கும் மேல் என்று செய்திகள் வந்தன. 'பிரிக்கர்பாட்' என்ற தீநிரலின் வேலை அது. கருவியைச் செங்கல்லாக்கிவிடுவது என்பதே அப்பெயரின் பொருள். பெட்டியோடு வந்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த வீடுகளே அதற்கு எளிதில் இரையாயின.

'ஓடுகிற வண்டியை நிறுத்தி ஏன் பிரிக்க வேண்டும்? பாதியில் மின்சாரம் போய்விட்டால் பெட்டி பாழ்தானே?' என்று கேட்பவரும் உண்டு. இக்கேள்வியை நான் மதிக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் வாரக்கணக்கில் இருளில் கிடந்த கிராமங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. மின்சாரத்தை நம்பாதே என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஃபர்ம்வேர் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பெட்டி எழுந்திருக்காமல் போகக்கூடும் என்பதும் மெய்தான். அதனால்தான் மழைக்காற்று வீசும் மாலையிலோ, மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்தடை அறிவித்த நாளிலோ இவ்வேலையில் இறங்கலாகாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அதனோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அச்சத்திற்கு ஏற்பாடு உண்டு, அச்சமே ஏற்பாடாகிவிடாது.

சரி, பெட்டியின் இணையப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா? பலருக்குப் போதும். ஆயினும் கட்டளை வரியை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பொத்தான் நம்மை எதுவும் கேட்பதில்லை. கட்டளையைத் தட்டுபவனோ, எந்தக் கோப்பை, எந்தக் கருவிக்கு, எதைச் சரிபார்த்தபின் ஏற்றுகிறோம் என்று ஒவ்வோரிடத்திலும் நின்று எண்ணியாக வேண்டும். தவறு நேர்ந்தால் எந்த வரியில் நேர்ந்தது என்பதும் கண்முன்னே நிற்கும்.

இதற்கு ஏற்ற களம் ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. என்னும் கட்டற்ற ஃபர்ம்வேர். லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவர, உரிமவிதிப்படி அதன் மூலநிரலை அந்நிறுவனம் 2003இல் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004இல் தொடங்கியது இத்திட்டம். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய பெட்டிகள் பலவற்றுக்கும் இன்றளவும் அதில் திருத்தங்கள் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் என்று சொல்லமாட்டேன். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்ட பழம்பெட்டிகளுக்கு இப்போதைய வெளியீடுகள் பொருந்துவதில்லை.

ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. ஏற்கெனவே ஓடும் பெட்டியை எவ்வாறு புதுப்பிப்பது? முதலில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். பெயர் ஒன்றாயிருந்தும் பதிப்பு எண் ஒன்று, இரண்டு, மூன்று என வேறுபட்டால், உள்ளேயிருக்கும் சில்லே வேறாக இருக்கலாம். இரண்டாம் பதிப்புக்கான கோப்பை மூன்றாம் பதிப்புக்கு ஏற்றுவது, ஒருவருக்கு எழுதிய மருந்துச்சீட்டில் இன்னொருவர் மருந்து வாங்கி உண்பது போலாகும். அடுத்து, கணிப்பொறியையும் பெட்டியையும் ஈத்தர்நெட் வயரால் இணைக்க வேண்டும். வைஃபை வேண்டாம். எஸ்.எஸ்.எச். வழியாக 192.168.1.1 என்ற முகவரியில் உள்ளே நுழைந்து, 'சிஸ்அப்கிரேடு' கட்டளையோடு சிறுகோடும் சிறிய 'பி'யும் சேர்த்துத் தட்டினால், அமைப்புகள் அனைத்தும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். அக்கோப்பைக் கணிப்பொறிக்கு நகலெடுத்துக்கொள்ளும் வரை அடுத்த அடி வைக்கலாகாது. புதிய ஃபர்ம்வேரைப் பெட்டியின் 'டிஎம்பி' அடைவில் வைக்க வேண்டும். அது தற்காலிக நினைவகம் ஆதலால் இடம் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி முத்திரை பார்க்கும் வேலை. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் சொந்தமாக அம்மன் காசு வெளியிட்டதை அறிவீர்கள். சிறு செப்புக்காசுதான். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. அம்முத்திரை இல்லையேல் அது வெறும் செப்புத்துண்டு. ஃபர்ம்வேர்க் கோப்புக்கும் அத்தகைய முத்திரை உண்டு. எஸ்.எச்.ஏ.256 என்ற கணக்கின்படி, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறிகளாகச் சுருங்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அக்குறிகள் முற்றிலும் வேறாகிவிடும். நம்மிடமுள்ள கோப்புக்கு அதைக் கணக்கிட்டு, திட்டத்தின் தளத்தில் கொடுத்துள்ளதோடு ஒப்பிட வேண்டும். கைப்பேசி இணைப்பில், கோபுரம் சரியாக எட்டாத ஊரில் இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருந்தால், இங்கேயே பிடிபடும்.

முதல் நான்கு குறியும் கடைசி நான்கு குறியும் ஒத்திருந்தால் போதும் என்று சிலர் கூறுவர். எனக்கு உடன்பாடில்லை. 2024 டிசம்பரில், ஓப்பன் டபிள்யு.ஆர்.டி. திட்டத்தின் ஃபர்ம்வேர்க் கோப்புகளைக் கேட்டவுடன் ஆக்கித்தரும் சர்வரிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. 64 குறிகளுள் 12ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அது கோரிக்கைகளை அடையாளம் கண்டு வந்தது. அச்சுருக்கத்தைப் பயன்படுத்தி ஒருவன் நல்ல கோப்பின் இடத்தில் கெட்ட கோப்பைத் தர இயலும் என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். உடனே சரிசெய்தார்கள். அறிந்தவர்களே சுருக்கு வழியில் சறுக்கும்போது, நாம் 64ஐயும் முழுதாகப் பார்ப்பதே முறை. கண்ணால் எண்ண வேண்டாம். கணிப்பொறியே ஒப்பிட்டுச் சொல்லும்.

முத்திரை ஒத்தபின், 'சிஸ்அப்கிரேடு' கட்டளையைப் பெரிய 'டி'யோடு தட்டினால், எதையும் எழுதாமல், கோப்பு இக்கருவிக்குப் பொருந்துமா என்று மட்டும் சோதிக்கும். மறுத்தால் வற்புறுத்தி ஏற்றும் வழியும் உண்டு. அவ்வழியை நான் எழுதப்போவதில்லை. சோதனையில் தேறினால் உண்மையான கட்டளை. அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆலங்குடியில் என் மாமா வீட்டுப் பெட்டியைப் புதுப்பித்தபோது விளக்குகள் எல்லாம் அணைந்து சில நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. "என்னப்பா, போச்சா?" என்று அத்தை மூன்று முறை கேட்டுவிட்டார்கள். சுவிட்சை அணைத்துப் போடலாமா என்று மாமாவின் கை துறுதுறுத்தது. பெட்டிகள் பல இந்தப் பொறுமையின்மையால்தான் சாகின்றன என்பது என் எண்ணம். விளக்கு மீண்டும் எரிந்தது. அமைப்புகள் அப்படியே இருந்தன. தனியாக நிறுவியிருந்த சிறு நிரல்களை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அது எதிர்பார்த்ததே.

இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் இதெல்லாம் செய்ய வழியில்லை. அவர்கள் தொலைவிலிருந்தே புதுப்பிப்பார்கள். கதவு நமக்குப் பூட்டப்பட்டிருக்கும். புதுப்பித்தார்களா, எப்போது என்று சந்தாதாரருக்கு ஒரு வரி எழுதும் வழக்கமேனும் இருக்க வேண்டாமா? மாதந்தோறும் கட்டணச் செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. அத்தகைய வீடுகளில் கடவுச்சொல்லை மாற்றலாம்; வெளியிலிருந்து நிர்வாகம் செய்யும் வசதி திறந்திருந்தால் மூடலாம்; நிறுவனத்தைக் கேட்கலாம்.

கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடுவதைக் கண்டதும், தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலர் நாற்காலியைப் பின்னே தள்ளிக்கொள்கிறோம். இவ்வேலைக்கு வேண்டிய கட்டளைகள் பத்துக்கும் குறைவு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், இம்மாவட்டத்து உழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். விழுந்தாலும் எழுந்து ஓட்ட ஒரு திடல் இருந்தது அவர்களுக்கு.

நமக்கும் அப்படியொரு திடல் வேண்டும். பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கெட்டாலும் கவலையில்லாத பழைய ரவுட்டர் இரண்டை வாங்கி, கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரு மேசையில் வைத்து, சனிக்கிழமை பிற்பகலில் எத்துறை மாணவரும் வந்து பழக அனுமதியுங்கள். அமைப்புகளில் நேர்ந்த பிழையால் பெட்டிக்குள் நுழைய முடியாமல் போனால் அதை மீட்கும் 'ஃபெயில்சேஃப்' முறையையும் அங்கேயே கற்கலாம். கட்டளைகளைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.