ஐப்பசி மழைக்கு முன் பட்டியல் வேண்டும்

மாட்டுத்தாவணி, செல்லூர், அவனியாபுரம், மேலூர், திருமங்கலம் கிளைத் தோழர்களே!

அடைமழை தொடங்கினால் சாதாரணச் சளிக்காய்ச்சலில் ஆரம்பித்து நிமோனியாவில் போய் விழுகிறவர்கள் கூடிவிடுவார்கள். அதில் நம் ஆட்கள் ஒருவரும் இருக்கக் கூடாது.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது: 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதத்தில் பூஸ்டர். பேரனுக்குக் கிடைக்கிறது. காலமெல்லாம் மூட்டை சுமந்து, இன்று சர்க்கரையும் மூச்சிரைப்புமாக இருக்கிற தாத்தாவுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. தனியாரிடம் போனால் ஒரு ஊசிக்கே சில ஆயிரம். யாரால் முடியும்?

உடனே கணக்கெடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய, கல்லீரல் நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், விடாமல் பீடி பிடிப்பவர்கள், எல்லாரும் வேண்டும். நான்குவழிச் சாலையில் அடிபட்டு மண்ணீரலை எடுத்தவர்களை விட்டுவிடாதீர்கள். தையல் ஆறியதும் ஊரே மறந்துவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் கலக்கும் இந்தக் கிருமியை வடிகட்டும் உறுப்பே அவர்களுக்கு இல்லை. காலையில் வந்த காய்ச்சல் மறுநாளுக்குள் உயிரைப் பறிக்கலாம்.

நியூமோகாக்கஸ் ஊசியை ஏற்கெனவே போட்டவர்களிடம், எந்த வகை, எந்தத் தேதி என்று கேளுங்கள். நாம் கோட்டை விடுவது அங்கேதான். பி.சி.வி. 20 என்றால் ஒன்றே போதும். பி.சி.வி. 13 போட்டவர்களுக்கு அடுத்து 23 வகை ஊசி உண்டு. பொதுவாக 1 வருடம் கழித்து. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் 8 வாரத்திலேயே போடலாம். இவர்களுக்கு 5 வருடம் கழித்து 23ஐ மறுபடி போட வேண்டிவரலாம். யாருக்கு எது என்று டாக்டர் சொல்லட்டும், தேதி தவறாமல் நாம் பார்த்துக்கொள்வோம். சர்க்கரை மாத்திரை வாங்கும் நோட்டின் முதல் பக்கத்திலேயே ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். தனிச் சீட்டு சட்டைப்பையில் வேர்வையில் ஊறிக் கிழிந்துவிடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அந்தப் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஊசியும் இலவசமாக வேண்டும். ராஜாஜி மருத்துவமனையிலும் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலும் வேண்டும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேண்டும்!

ஞாயிறு மாலைக்குள் பட்டியல் வந்து சேரட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் திரண்டு மனுக் கொடுப்போம். டயாலிசிஸ் செய்யும் தோழர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள்.